காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்தது? இயற்கையின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு?

கேள்வி, 2025 ஜனவரி 3

பூமி உருவான நாளிலிருந்து காலநிலை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பனியுகம் வந்தது, போனது. அப்போது காரும் இல்லை, ஆலையும் இல்லை. சூரியனும் எரிமலையும் கடலும் செய்கிற வேலையை மனிதன் தலையில் கட்டுவது ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 4

இதே கேள்வியை 15 வருஷத்துக்கு முன் நான் கேட்டுத் திரிந்தேன். என் அண்ணன் இன்றும் கேட்கிறார். அதனால் அலட்சியமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

கேள்வியின் முதல் பாதி முழுக்கச் சரி. காலநிலை மாறாமல் இருந்த காலமே இல்லை. ஆனால் அது ஒருமுறைகூடச் சும்மா மாறியதில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று வெப்பத்தின் வரவையோ செலவையோ மாற்றியிருக்கிறது. சூரியன் மாறினால் ஒரு விதமான தடம் விழும், எரிமலை வெடித்தால் வேறு தடம், காற்றில் வாயு கூடினால் இன்னொரு தடம். ஆகவே "முன்பும் மாறியதே" என்று சொல்லி விட்டுவிடாமல், இப்போது விழுந்திருக்கிற தடம் எதனுடையது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக எழுதுகிறேன், ஒரே மூச்சில் முடியாது.

இன்றைய தேதியில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இந்த ஆண்டில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் நாள் இன்றுதான். தூரம் 14.71 கோடி கிலோமீட்டர். ஜூலை தொடக்கத்தில் அது 15.21 கோடியாக இருக்கும். பாதை சரியான வட்டமாக இல்லாததால் வரும் வித்தியாசம் இது. பனியுகக் கதையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜனவரி 4, இரவு

மூன்று விஷயங்கள் மெதுவாக மாறுகின்றன. பூமியின் பாதை கொஞ்சம் நீளும், பிறகு வட்டத்தை நெருங்கும். இதற்குச் சுமார் 1,00,000 ஆண்டுகள். அச்சின் சாய்வு 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே போய்வரும். இதற்கு 41,000 ஆண்டுகள். இப்போது சாய்வு 23.4, குறைந்துகொண்டு வருகிறது. மூன்றாவது, தளர்ந்த பம்பரம் தலையாட்டுவது மாதிரி அச்சே சுற்றி வருவது. இதற்குச் சுமார் 26,000 ஆண்டுகள்.

இவை சூரியனிடமிருந்து பூமி வாங்கும் மொத்த வெப்பத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் விழுகிறது என்பதைத்தான் மாற்றுகின்றன. வடக்கே கோடை வெயில் குறைந்தால் போன குளிர்காலத்துப் பனி உருகி முடியாது. அதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி விழும். வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பும், குளிர் இன்னும் கூடும். பனியுகம் இப்படித்தான் கட்டப்படுகிறது.

இதை முதலில் விரிவாக யோசித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் க்ரோல். கிளாஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தில் காவல், துப்புரவு வேலை பார்த்தவர். அங்கிருந்த நூலகத்தில் தானே படித்து 1860-களில் கட்டுரை எழுதியவர். அடுத்து வந்த மிலுட்டின் மிலன்கோவிச் செர்பியக் கணித அறிஞர். முதல் உலகப் போரில் பிடிபட்டு புடாபெஸ்டில் வைக்கப்பட்டிருந்த ஆண்டுகளிலும் அங்கே நூலகத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைக் கையால் போட்டுக்கொண்டிருந்தார். அவர் இறந்தது 1958-ல். கடலடி மண்ணில் இதே காலச்சுழற்சிகள் பதிந்திருப்பதை ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் காட்டியது 1976-ல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

சரி, இந்தச் சக்கரம் இன்று எந்தப் பக்கம் தள்ளுகிறது? குளிர்ச்சிப் பக்கம், அதுவும் மிக மெதுவாக. வடக்கின் கோடை வெயில் பல ஆயிரம் ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே இப்போதைய சூட்டுக்கு இது காரணமாக முடியாது. தள்ளும் திசையே வேறு.

ஜனவரி 6

எரிமலை. அண்ணனின் முதல் வாதம் இதுதான்: "ஒரு எரிமலை வெடித்தால் மனிதன் இதுவரை விட்டதைவிட அதிகமாக விட்டுவிடும்." நானும் பல காலம் நம்பியிருந்தேன்.

தரையிலும் கடலடியிலும் இருக்கும் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடும் கரியமில வாயு 50 கோடி டன்னைத் தாண்டாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் மூலம் நாம் விடுவது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். ஒன்றை ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று நான் அந்த வாதத்தை விட்டேன்.

பெரிய வெடிப்புகள் செய்வது வேறு, குளிர்விக்கும். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வடகிழக்கிலும் கோடையே வரவில்லை. ஜூன் மாதத்தில் பனி விழுந்தது, பயிர் போனது, ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ வெடித்தபோது உலகச் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. அந்த இறக்கம் முழுதாகத் தெரிவதற்கு முன்பே ஜேம்ஸ் ஹான்சனின் குழு கணினி மாதிரியில் போட்டுப் பார்த்து, இவ்வளவு குறையும் என்று வெளியிட்டது. ஏறக்குறைய அப்படியே நடந்தது. "மாதிரி எல்லாம் சும்மா" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பினட்டுபோதான்.

ஜனவரி 7

நேற்று எழுதியதில் ஒன்றை விளக்காமல் விட்டேன், ஒரு நண்பர் சரியாகப் பிடித்தார். குளிர்விப்பது சாம்பல் இல்லை. சாம்பல் சில வாரங்களில் கீழே விழுந்துவிடும். மேலே அடுக்கு மண்டலம் (மழை மேகங்களுக்கும் மேலே இருக்கும் காற்றடுக்கு) வரை போகும் கந்தக டை ஆக்சைடுதான் அங்கே கந்தக அமிலத் துளிகளாக மாறி, ஓரிரண்டு ஆண்டுகள் தங்கி, வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. துளி இறங்கியதும் குளிர்ச்சியும் போய்விடும்.

ஜனவரி 9

சூரியன். இதற்குக் கொஞ்சம் பொறுமையாக இருங்கள், என் மனம் மாறியது இந்த இடத்தில்தான்.

சூரியப் புள்ளிகள் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். அதோடு சூரியன் தரும் ஆற்றலும் கூடிக் குறையும். 1978 முதல் செயற்கைக்கோள்கள் இதை நேராக அளக்கின்றன. பூமியின் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். 11 ஆண்டுச் சுழற்சியில் அது மாறுவது 0.1 சதவீதம், அதாவது ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் மேல். பூமி உருண்டை என்பதால் அதை நான்கால் வகுக்க வேண்டும், திரும்பிப்போகும் பங்கையும் கழிக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது 0.2 வாட் அளவு. காற்றில் கூடியிருக்கிற கரியமில வாயு மட்டும் இன்று 2 வாட்டுக்கு மேல் பிடித்து வைக்கிறது. அது 11 ஆண்டில் இறங்கியும் போவதில்லை.

1645-லிருந்து 1715 வரை சூரியனில் புள்ளிகளே அபூர்வம், அப்போது ஐரோப்பாவில் கடும் குளிர் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் எரிமலைகளும் இருந்தன, குளிர் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. சூரியனுக்குப் பங்கு உண்டு, சின்னப் பங்கு.

இதெல்லாம் அளவு பற்றியது. அண்ணன் "அளவை யார் நம்புவது" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அவரை யோசிக்க வைத்தது தடம்தான். சூரியன் சூடேறினால் மேலே அடுக்கு மண்டலமும் சூடேற வேண்டும், கீழே நாம் இருக்கும் காற்றும் சூடேற வேண்டும். ஆனால் கரியமில வாயு கூடினால் கீழே சூடேறும், மேலே குளிரும். மேலே காற்று மெலிந்திருக்கும். அங்கே இந்த வாயு வெப்பத்தை விண்வெளிக்கு வீசுகிற வேலையைத்தான் அதிகம் செய்யும். இதை 1967-லேயே சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணக்கிட்டுச் சொன்னார்கள். பல ஆண்டுகள் கழித்து அளந்தபோது அடுக்கு மண்டலம் குளிர்ந்துகொண்டிருந்தது. மனாபேக்கு 2021-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

எந்தச் சூரியன் கீழ்வீட்டைச் சூடாக்கி மாடியைக் குளிர்விக்கும்?

ஜனவரி 11

உலக வானிலை அமைப்பு நேற்று அறிவித்துவிட்டது: 2024-ன் உலகச் சராசரி, 1850–1900 காலத்தைவிட 1.55 டிகிரி அதிகம். ஒரு முழு ஆண்டு ஒன்றரையைத் தாண்டுவது இதுவே முதல் தடவை.

"அது எல் நினோ ஆண்டு" என்று உடனே பதில் வந்திருக்கிறது. ஆமாம், 2023-ல் தொடங்கிய எல் நினோ அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் எல் நினோ வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பசிபிக் கடலில் தேங்கியிருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். கடல் தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துத்தான் காற்று சூடாகிறது என்றால் கடல் குளிர்ந்துகொண்டு வர வேண்டும். ஆர்கோ மிதவைகள் ஏறக்குறைய 4,000, உலகக் கடல்கள் முழுக்க 2,000 மீட்டர் ஆழம் வரை மூழ்கி எழுந்து அளக்கின்றன. கடலும் சூடேறுகிறது. கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதம் போய்ச் சேர்ந்திருப்பதே கடலுக்குள்தான்.

ஜனவரி 15

இன்று வரவு செலவு. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த வாதம் இது. இதற்குக் கணினி வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும்.

காற்றில் கரியமில வாயுவை ஒரு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, உயர்த்த 780 கோடி டன் வேண்டும். நாம் விடுவது ஆண்டுக்கு 3,700 கோடி. காடு அழிப்பு, நிலத்தைத் திருத்துவது எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 4,100 கோடி. வகுத்தால் ஐந்தேகால் வருகிறது. அத்தனையும் காற்றிலேயே தங்கியிருந்தால் ஆண்டுக்கு ஐந்து பிபிஎம்முக்கு மேல் ஏற வேண்டும். உண்மையில் ஏறுவது சுமார் இரண்டரை.

மீதி எங்கே? கடலும் மரமும் மண்ணும் வாங்கிக்கொண்டன. அப்படியென்றால் இயற்கை மொத்தத்தில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது, காற்றில் போடவில்லை. இயற்கை போட்டிருந்தால், நாம் விட்டதைவிடக் கூடுதலாக ஏறியிருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்காருங்கள். நாம் "இயற்கைதான் காரணம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது நாம் கொட்டுவதில் பாதியை வருஷா வருஷம் சுமந்துகொண்டிருக்கிறது. கடல் அதற்கு விலையும் கொடுக்கிறது: தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த மேற்பரப்பின் பிஎச் அளவு இப்போது 8.1-க்கு அருகில். பார்க்கச் சின்ன எண்தான், அமிலத்தன்மை கூடியது 30 சதவீதம் அளவுக்கு. சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுவதே பாடாகிறது.

ஜனவரி 16

"ஏறியது நம் வாயுதான் என்பதற்கு அடையாளம் உண்டா, பெயரா எழுதியிருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். எழுதியிருக்கிறது.

கார்பனில் மூன்று எடை உண்டு: 12, 13, 14. தாவரங்கள் 12-ஐ விரும்பி எடுக்கும், 13-ஐக் கொஞ்சம் ஒதுக்கும். நிலக்கரியும் எண்ணெயும் பழைய தாவரங்களும் பாசிகளும்தானே. அவற்றிலும் 13 குறைவு. அவற்றை எரித்தால் காற்றில் 13-ன் பங்கு குறைய வேண்டும். குறைந்துகொண்டே வருகிறது. எரிமலை வாயுவில் 13 இவ்வளவு குறைவாக இருக்காது.

கார்பன் 14 கதிரியக்கம் உடையது, 5,730 ஆண்டில் பாதியாகும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது மிச்சமே இருக்காது. ஆகவே நிலக்கரிப் புகை காற்றில் கலந்தால் 14 நீர்த்துப்போகும். ஹான்ஸ் சூயஸ் 1950-களில் மரங்களின் வளையங்களில் இதைக் கண்டார். (அதற்குப் பிறகு அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் 14-ஐ ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டன. அந்த மேட்டைக் கழித்துத்தான் பிந்தைய கணக்கைப் படிக்க வேண்டும்.)

இன்னொன்று: எரித்தால் ஆக்சிஜன் செலவாகும். ரால்ஃப் கீலிங் பல ஆண்டுகளாக அதை அளக்கிறார், குறைகிறது. மூச்சு முட்டும் அளவுக்கு இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் ஏற்றம் எரிமலையாலோ கடலாலோ வந்திருந்தால் ஆக்சிஜன் இப்படிக் குறையாது.

ஜனவரி 19

ஒரு சின்ன கணக்கு, வீட்டில் உட்கார்ந்து போட்டது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அதில் கார்பன் சுமார் 640 கிராம். எரியும்போது 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்து 44 கிராம் வாயுவாகிறது. 640-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2,347. ஊற்றியது முக்கால் கிலோ, வெளியே போனது 2.3 கிலோ. கன அளவில் 1,200 லிட்டருக்கு மேல். கண்ணுக்குத் தெரிகிற கருப்புத் தூளாக வந்திருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு பிடி சாலையில் கிடக்கும். தெரியாததால் இல்லாதது போல ஆகிவிட்டது.

ஜனவரி 26

மகளோடு ஒரு சோதனை செய்தேன். இரண்டு கண்ணாடிப் பாட்டில், இரண்டிலும் வெப்பமானி. ஒன்றில் வெறும் காற்று. மற்றதில் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து வந்த கரியமில வாயு. மேலே ஒரே பல்பு. இருபது நிமிஷத்தில் வாயு பாட்டில் இரண்டு டிகிரி கூடக் காட்டியது. மகள் துள்ளினாள். யூனிஸ் ஃபூட் 1856-ல் கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துச் செய்தது ஏறக்குறைய இதுதான். இந்த வாயு நிறைந்த காற்று பூமிக்கு அதிக வெப்பம் தரும் என்று அப்போதே எழுதியவர் அவர். சந்தேகம் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

பிப்ரவரி 2

மேலே எழுதிய சோதனையைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்காமல் விடுகிறேன், அடுத்தவருக்கும் உதவும்.

பாட்டிலில் கரியமில வாயுவுக்குப் பதில் ஆர்கான் நிரப்பினாலும் கிட்டத்தட்ட அதே சூடு வருகிறது. ஆர்கான் அகச்சிவப்பை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை, பிடிக்காத வாயு. அப்படியானால் என் பாட்டில் சூடானதற்குப் பெரும் காரணம் வேறு: இந்த வாயு காற்றைவிடக் கனமானது, உள்ளே அசையாமல் படுத்துக்கொள்கிறது, வெப்பம் கலந்து வெளியேறுவது குறைகிறது. விடை சரி, வழி தப்பு. மகளிடம் சொன்னபோது முகம் வாடியது. ஆனால் அவளே "அப்போ எப்படித்தான் நிரூபிச்சாங்க?" என்று கேட்டாள்.

ஜான் டிண்டால் 1859-ல் செய்தது சரியான வழி. நீண்ட குழாய், ஒரு முனையில் வெப்ப ஊற்று, மறு முனையில் வெப்பத்தை உணரும் கருவி. நடுவில் ஒவ்வொரு வாயுவாக நிரப்பினார். நைட்ரஜன், ஆக்சிஜன் வழியாக வெப்பக் கதிர் தடையில்லாமல் போனது. நீராவியும் கரியமில வாயுவும் மறித்தன. ஃபூட்டின் சோதனையில் வெயிலின் சூடும் பூமி வீசும் அகச்சிவப்பும் பிரித்துப் பார்க்கப்படவில்லை. அதற்காக அவர் யோசனையின் மதிப்பு குறையாது.

உண்மையான வேலை பாட்டிலில் நடப்பதில்லை, பல கிலோமீட்டர் உயரத்தில் நடக்கிறது. பூமியின் வெப்பம் நேராக விண்வெளிக்குப் போக முடியாது, வாயுவில் பிடிபட்டு, மறுபடி வீசப்பட்டு, படிப்படியாக மேலே போய், காற்று மெலிந்த ஓர் உயரத்தில்தான் தப்பிக்கும். வாயு கூடினால் அந்த உயரம் இன்னும் மேலே போகும். மேலே குளிர், குளிர்ந்த இடம் குறைவாகத்தான் வீசும். வரவு அதே, செலவு குறைவு. கணக்கு நேராகும்வரை கீழே எல்லாம் சூடேறும். "வாயு ஏற்கெனவே எல்லாக் கதிரையும் பிடித்துவிட்டது, இனிக் கூடினால் என்ன" என்று 1900 வாக்கில் கேட்கப்பட்ட கேள்விக்கும் இதுவே பதில்.

பிப்ரவரி 9

அண்ணன் இன்று ஒரு நல்ல கேள்வியோடு வந்தார். "அண்டார்டிகா பனியில் முதலில் வெப்பம் ஏறுகிறது, பிறகுதான் வாயு ஏறுகிறது. அப்படியென்றால் எது காரணம், எது விளைவு?"

பனியில் எப்படிப் பதிகிறது என்று முதலில் பார்க்கலாம். பனி விழும்போது அது தளர்ந்த பொடி. அடுத்தடுத்த ஆண்டுகளின் பனி மேலே அழுத்தும். அறுபது, எழுபது, சில இடங்களில் நூறு மீட்டர் ஆழம் போன பிறகுதான் துளைகள் மூடிக் காற்று சிறைப்படும். அதுவரை மேற்காற்று உள்ளே போய்வரும். ஆகவே ஒரே துண்டில் பனிக்கு ஒரு வயது, அதற்குள் இருக்கும் குமிழிக்கு அதைவிடக் குறைந்த வயது. பழைய கணக்கில் வந்த பின்தங்கலில் ஒரு பகுதி இந்த வயதுச் சிக்கல்தான். துல்லியம் கூடக் கூட அது சுருங்கிவிட்டது.

மீதிக்குப் பதில்: இரண்டும்தான். தொடக்கம் பூமியின் பாதையிலும் அச்சிலும் வரும் மாற்றம். பனி உருகுகிறது, கடல் சூடேறுகிறது, சூடான நீர் வாயுவைப் பிடித்து வைக்காது, விடும். அந்த வாயு மறுபடி உலகம் முழுக்கச் சூடேற்றுகிறது. முன்பு வாயு இரண்டாவது ஆளாக வந்து வேலை செய்தது. இப்போது முதல் ஆளாக நாம் அனுப்புகிறோம். வாயு செய்கிற வேலை இரண்டு தடவையும் ஒன்றே.

வேகத்தைப் பாருங்கள். கடைசிப் பனியுகம் முடிந்தபோது வாயு சுமார் 80 பிபிஎம் ஏறியது, அதற்குச் சுமார் 7,000 ஆண்டு பிடித்தது. ஒரு பிபிஎம்முக்கு ஏறக்குறைய 90 ஆண்டு. இன்று ஒரு பிபிஎம் ஏற ஐந்து மாதம். அண்ணன் வகுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "திரும்பப் போடு" என்றார். போட்டேன். அதே விடை.

அண்டார்டிகாவில் துளைத்து எடுத்த பனியில் வாயுவின் தொடர் பதிவு 8,00,000 ஆண்டு போகிறது. அத்தனை காலமும் 170-க்கும் 300-க்கும் இடையில்தான். இப்போது 420-ஐத் தாண்டியாயிற்று.

பிப்ரவரி 10

"நூற்றுக்கு 0.04 பங்கு வாயு என்ன செய்துவிடும்?" டிண்டாலின் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில் 99 சதவீதமான நைட்ரஜனும் ஆக்சிஜனும் போகிற வெப்பத்தைத் தொடுவதே இல்லை. மறிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களில் கூடினாலும் குறைந்தாலும் தெரியும். அவர்கள் இல்லாவிட்டால் பூமியின் சராசரி –18 டிகிரி. இருப்பதால் 15.

பிப்ரவரி 11

ஜனவரி 9-ல் எழுதியதற்கு ஒரு திருத்தம். அடுக்கு மண்டலம் குளிர்ந்ததில் ஓசோன் குறைவுக்கும் பங்கு உண்டு, முக்கியமாக அதன் கீழ்ப்பகுதியில். ஓசோன்தான் அங்கே வெயிலைப் பிடித்துச் சூடாக்குவது. நான் முழுவதையும் கரியமில வாயுக் கணக்கில் எழுதியது தவறு. 1987 மாண்ட்ரியல் உடன்பாட்டுக்குப் பிறகு ஓசோன் மெல்லத் தேறுகிறது. ஆனாலும் அடுக்கு மண்டலத்தின் மேல்பகுதி குளிர்வது நிற்கவில்லை. அந்தப் பங்கு வாயுவினுடையது. தடம் அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 2

கரியமில வாயுவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், மற்றதையும் சொல்ல வேண்டும். மீத்தேன் தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடியில் 720 பங்கு அளவு, இப்போது 1,900-க்கு மேல். மாடு, நெல் வயல், குப்பைமேடு, எண்ணெய்க் கிணற்றின் ஒழுகல். 12 ஆண்டு அளவில் சிதைந்துவிடும், ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் அதே எடை கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடேற்றும். உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு. சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லுக்குள்ளிருந்தே வாயு வரும், அடுப்பு எரிவது தனி.

நீராவியைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அதிகம் மறிப்பது அதுதான். ஆனால் அது தானாகக் கூடாது. கூடினால் மழையாக இறங்கிவிடும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் 7 சதவீதம் கூடுதல் நீராவி தாங்கும். வேறு ஏதாவது சூடேற்றினால் அதைப் பெருக்கிக் கொடுக்கும்.

மனிதன் குளிர்வித்ததும் உண்டு, இதை மறைக்கக் கூடாது. புகையில் வரும் கந்தகத் துளிகள் பினட்டுபோ செய்ததைத் தாழ்வாக, தினமும் செய்கின்றன. சூட்டின் ஒரு பகுதியை இதுவரை மூடி வைத்திருந்தது அந்த அழுக்குதான். 2020-ல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனது. நுரையீரலுக்கு நல்லது. ஆனால் மூடி கொஞ்சம் விலகியிருக்கிறது.

எல்லாம் கூட்டிக் கழித்த கணக்கு ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையில் இருக்கிறது: 1850–1900 காலத்திலிருந்து 2010–2019 வரை மனிதனால் ஏறியது சுமார் 1.07 டிகிரி. சூரியனும் எரிமலையும் சேர்ந்து –0.1-க்கும் +0.1-க்கும் இடையில். கேள்வி கேட்ட நண்பரே, தலைப்பில் "எவ்வளவு" என்று கேட்டீர்களே, விடை இந்த இரண்டு எண்கள்தான்.

மார்ச் 15

"எண்ணூறு கோடிப் பேர் மூச்சு விடுகிறோமே?" மூச்சில் போகும் கார்பன் சாப்பாட்டிலிருந்து வந்தது, சாப்பாடு செடியிலிருந்து, செடி காற்றிலிருந்து எடுத்தது, அதுவும் போன பருவத்தில். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறோம். நிலக்கரியில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போனது. மூச்சை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

ஜூன் 8

மூன்று மாதம் எழுதவில்லை. இழை அடியில் போய்விட்டது, ஆனால் ஒன்றைப் பதிய வேண்டும்.

2009-லிருந்து சுவரில் ஒரு கோட்டுத்தாள் வைத்திருக்கிறேன். ஹவாயில் மௌனா லோவா மலைமேல் சார்லஸ் கீலிங் 1958 மார்ச்சில் தொடங்கிய கரியமில வாயு அளவை, மாதத்துக்கு ஒரு புள்ளியாகப் பென்சிலில். அவர் முதல் நாள் அளந்தது 313 பிபிஎம். மே மாதம் உச்சிக்குப் போகும். வடகோளத்து மரங்கள் துளிர்த்ததும் இறங்கத் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில் அடிக்கு வரும். இலை உதிர்ந்து மட்கும்போது மறுபடி ஏறும். ரம்பப் பல் மாதிரி இருக்கும். பூமி மூச்சு விடுவதை வரைகிற மாதிரி இருக்கிறது என்று மகள் சொல்வாள். ஒவ்வொரு பல்லும் முந்தைய பல்லைவிட உயரம். 2022 நவம்பரில் அதே மலை வெடித்து, எரிமலைக்குழம்பு வழியை மூடி மின்சாரத்தை அறுத்தபோது, பக்கத்து மலையான மௌனா கேயாவுக்குப் போய் அளந்தார்கள். தொடர் அறவில்லை.

தொடங்கும்போது என் காலம் முழுக்கப் போதும் என்று தாளின் உச்சியில் 420 எழுதினேன். 2022-ல் தாண்டியது. ஒரு பட்டைத் தாள் ஒட்டி 430 வரை கோடு போட்டேன். இந்த வாரம் மே மாதச் சராசரி வந்தது: 430-ஐத் தாண்டிவிட்டது.

அண்ணன் வந்திருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் இரண்டாவது பட்டையை ஒட்டினேன். "எதுவரை கோடு போடுவே?" என்று கேட்டார். 450 என்றேன். இறங்கி வந்து பார்த்தோம், பட்டையின் மேல் விளிம்பு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜூன் புள்ளி கொஞ்சம் கீழேதான் விழும், மரங்கள் துளிர்த்தாயிற்று.